தெரிந்தவனின் கடன்

சில கேள்விகள் வாசல் கதவைத் தட்டி, "நான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ரயிலில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றபடியே நம்மோடு பிரயாணம் செய்து, நாம் இறங்குகிற ஸ்டேஷனில் தாமும் இறங்கி, வீடு வரைக்கும் கூடவே வந்துவிடுகின்றன. பிறகு அவற்றைத் திருப்பி அனுப்புவது சுலபமான காரியமில்லை.

எனக்கு அப்படியொரு கேள்வியைக் கொடுத்தவர் பொன்னேரிக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, போர்மனாக ஓய்வு பெற்றவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் 'அண்ணே' என்பேன். அவர் 'தம்பி' என்பார். எங்கள் சிநேகம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஆரம்பித்து, இன்று வரை பெரும்பாலும் அந்த ரயிலுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு நாள் பொன்னேரியில் ஏறினார். வழக்கமான குசலம் ஒன்றும் விசாரிக்கவில்லை. அனுப்பம்பட்டு தாண்டியதும் திடீரென்று கேட்டார்:

"ஏன் தம்பி, ஒரு சாமானை வாங்கும்போது அதோட விலை நமக்கும் தெரியாது, விக்கிறவங்களுக்கும் தெரியாது. வாங்கினப்புறம் நமக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. இப்ப அது யாரோட சாமான்?"

"வாங்கினவர் சாமான்தான் அண்ணே. இதிலே என்ன சந்தேகம்?" என்றேன் நான். எழுத்தாளன் அல்லவா? எந்தக் கேள்விக்கும் உடனே பதில் வந்துவிடும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் எல்லாம் கடந்து விம்கோ நகர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் முழுக் கதையையும் சொன்னார்.

கதை புரிய வேண்டுமானால் அவருடைய பைத்தியத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அவர் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர். சிரிக்காதீர்கள். சிறு வயதில் நீங்களும் நானும் சேர்த்தவர்கள்தாம். தெருவிலே ஒரு வட்டம் போட்டு, நடுவிலே படங்களை அடுக்கி, சில்லு எறிந்து வெளியே தள்ளினவனுக்கு அத்தனையும் சொந்தம் என்று நாம் ஆடாத ஆட்டமா? எல்லாக் கடையிலும் கிடைக்கிற படத்துக்கு ஒரு மதிப்பு, எங்கோ வெளியூரிலிருந்து வந்த மாமா போட்டுவிட்டுப் போன பெட்டியின் படத்துக்கு நூறு மதிப்பு. இந்த விலையை நமக்கு யார் நிர்ணயித்துக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. பிற்பாடு மீசை முளைத்ததும் நாம் அதையெல்லாம் விட்டுவிட்டோம். அவர் விடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ரயில் பாதையிலேயே ஒரு ஸ்டேஷனுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் இருக்கிறதல்லவா? 1923-ல் ஸ்வீடன் தேசத்து முதலாளிகள் இந்தியாவில் தொடங்கிய விம்கோ கம்பெனி திருவொற்றியூரில் ஆலை வைத்தது. ஆலையின் பெயர் பேட்டையின் பெயராயிற்று. 2021-ல் மெட்ரோ ரயிலும் அந்தப் பெயரையே தன் ஸ்டேஷனுக்கு எழுதிக்கொண்டது. அதே 1923-ல்தான், கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலை ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குக் குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் வரி விழுந்தது. அதுவரை நம் அடுப்புகளை மூட்டியவற்றில் பெரும்பங்கு ஜப்பான் தீக்குச்சி. கோபேயிலும் ஒஸாகாவிலும் செய்த பெட்டிகளின் மேல், நம்மவர் வாங்க வேண்டுமே என்பதற்காக, நம்முடைய தெய்வங்களையும் யானைகளையும் அச்சடித்து அனுப்பினார்கள். கிருஷ்ணனைக் கண்ணால் கண்டிராத ஒரு ஜப்பானியச் சித்திரக்காரன் வரைந்த கிருஷ்ணன்! கண்கள் மட்டும் கொஞ்சம் கீழ்த்திசைச் சாயலில் நீண்டிருக்கும். அப்படிப்பட்ட படங்கள்தாம் நம் நண்பருக்கு உயிர்.

இந்தப் படங்கள் அவருக்கு ஒரு ஜப்பானியரைச் சிநேகமாக்கின. சில வருஷங்களுக்கு முன் ஆலையில் ஒரு யந்திரத்தைப் பொருத்திக்கொடுக்க வந்த இன்ஜினீயர் அவர். தேநீர் வேளையில் நம்மவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கிருஷ்ணன் படத்தை எடுத்துக் காட்ட, அதன் ஓரத்திலிருந்த எழுத்துக்களைப் படித்துவிட்டு அந்த மனிதர் குழந்தை மாதிரி குதித்தாராம். அடுத்த மாதம் ஊருக்குப் போய்வந்தபோது, தம் பங்குக்கு அவர் கொண்டுவந்து காட்டியது ஒரு கட்டுச் சீட்டுகள். எல்லாம் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்கள்.

பேஸ்பால் நம்முடைய கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். 1872-ல் டோக்கியோவில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போன ஹோரஸ் வில்ஸன் என்ற அமெரிக்கர் மாணவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்வார்கள். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி, ஜப்பானியருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. 1934-ல் பேப் ரூத் முதலான அமெரிக்க மகாரதிகள் அங்கே ஆடப் போனபோது, பதினேழு வயதுப் பையன் ஒருவன், எய்ஜி ஸவாமுரா என்று பெயர், ரூத் உள்பட நான்கு பேரை வரிசையாக ஆட்டமிழக்கச் செய்தான். அந்தப் பையன் 1944-ல், யுத்தத்துக்காகப் பட்டாளத்தை ஏற்றிச் சென்ற கப்பலோடு கடலில் மூழ்கிப் போனான்.

ஜப்பானியக் குழந்தைகள் 'மென்கோ' என்று ஓர் ஆட்டம் ஆடுவார்கள். தடித்த அட்டையில் படம் ஒட்டிய சீட்டு. எதிராளி தரையில் வைத்திருக்கும் சீட்டுக்குப் பக்கத்தில் உன் சீட்டை ஓங்கி அடிக்க வேண்டும். அந்த வீச்சில் அவனுடைய சீட்டு குப்புறப் புரண்டால் அது உனக்கு. யுத்த காலத்தில் அந்தச் சீட்டுகளில் சிப்பாய்களும் டாங்கிகளும் இருந்தார்கள். யுத்தம் முடிந்து ஊரெல்லாம் சாம்பலாகக் கிடந்தபோது, பேஸ்பால் வீரர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். பசித்த வயிற்றோடு வீதியில் ஆடிய குழந்தைகளின் கையில் அவர்கள்தாம் கதாநாயகர்கள்.

இந்த ஆட்டத்தினால் ஒரு விளைவு உண்டு. ஆடிய சீட்டு மழுங்கிப்போகும், முனை மடங்கும், படம் உரியும். ஆகவே இன்றைக்குச் சேகரிப்பவர்கள் பணத்தைக் கொட்டிக் கொடுப்பது, எந்தக் குழந்தையும் ஆடாமல் வைத்திருந்த சீட்டுக்குத்தான். விளையாடப்படாத பொம்மைக்குத்தான் விலை! இந்த விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனிக் கதைக்கு வருகிறேன். மீஞ்சூரில் ஒரு பழைய பேப்பர் கடை. நம் நண்பர் வாரம் ஒருமுறை அங்கே போய்க் குப்பையைக் கிளறுவது வழக்கம். ஒரு நாள், எண்பதை எட்டிய ஓர் அம்மாள், தலைச்சுமையாகப் பழைய பத்திரிகைகளைக் கொண்டுவந்து இறக்கினாள். அவற்றோடு ஒரு தகர பிஸ்கட் பெட்டி. கடைக்காரன் பெட்டியைத் திறந்து, "அட்டைக்குத் தனி விலை கிடையாது ஆயா, பேப்பரோடே சேர்த்துத்தான் எடை" என்றான்.

உள்ளே மென்கோ சீட்டுகள். முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் நேற்று அச்சடித்தவை மாதிரி பளபளவென்று இருந்தன.

அம்மாளின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முன்னால், வாலிபத்தில், ஜப்பான் துறைமுகம் ஒன்றில் யாரோ கடைக்காரன் தலையில் கட்டிய சாமான் அது. கொண்டுவந்தவருக்கும் அது என்ன ஆட்டம் என்று தெரியாது. பிற்பாடு பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியாது. 'அப்பா பெட்டியைத் தொடாதே' என்கிற ஒரே சட்டத்தினால் அது அறுபது வருஷம் டிரங்குப் பெட்டிக்குள் தூங்கியது. அவர் போய்ப் பத்து வருஷமாகிறது. வீட்டில் இடமில்லை.

நம் நண்பர் முந்நூறு ரூபாய் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டார். எடை போட்டிருந்தால் பத்து ரூபாய் தேறியிருக்காது. அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ நல்லா இருக்கணும் அப்பா" என்றாள். அவரும் மகிழ்ச்சியோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

படங்களைச் செல்போனில் பிடித்து ஜப்பானிய நண்பருக்கு அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது. அந்தக் கட்டில் ஒரு சீட்டு, ஸதஹாரு ஓ என்ற ஆட்டக்காரர் பந்தயத்துக்கு வந்த புதிதில், மீசைகூட அரும்பாத முகத்தோடு இருக்கிறபோது வெளியானது. 1959-ல் ஆட வந்து, 1980-ல் ஓய்வு பெறுவதற்குள் 868 'ஹோம் ரன்' அடித்து உலகத்தையே பிரமிக்க வைத்த மனிதர் அவர். சீட்டு இவ்வளவு சுத்தமாக இருப்பதால், நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேலேயே போகும் என்று எழுதியிருந்தார் இன்ஜினீயர்.

அன்றிரவிலிருந்து நம் நண்பருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு லட்ச ரூபாய் அவருக்கும் சாமான்யமான தொகை அல்ல. மாதம் வருகிற பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம். மகளின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. அந்த நிலையில்தான் ரயிலில் என்னைக் கேட்டார்: 'இப்ப அது யாரோட சாமான்?'

நான் சொன்ன பதிலைச் சட்டமும் சொல்லும். நம்முடைய இந்திய ஒப்பந்தச் சட்டம் பிறந்ததும் அதே 1872-ல்தான். அதன் இருபதாவது பிரிவின்படி, இரு தரப்பாரும் ஒரு முக்கியமான சங்கதியைப் பற்றித் தவறாக நினைத்து ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆனால் கூடவே ஒரு விளக்கமும் இருக்கிறது: ஒரு பொருளின் மதிப்பைப் பற்றித் தவறான அபிப்பிராயம் கொள்வது அப்படிப்பட்ட தவறு ஆகாது. பதினேழாவது பிரிவோ, பேசக் கடமைப்பட்டவனாக இருந்தாலொழிய, வெறுமனே வாய் மூடியிருப்பது மோசடி ஆகாது என்கிறது. ஆகவே கோர்ட்டுக்குப் போனால் நம் நண்பர் தலைநிமிர்ந்து வெளியே வருவார். ஆனால் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது கோர்ட்டு அல்லவே!

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு 44 வருஷம் முன்னால், ரோமாபுரியின் சிஸரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினான். அதிலே ஒரு வியாபாரி வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஒரு கப்பல் நிறையத் தானியத்தோடு அவன் வந்து சேர்கிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வருவதை வழியில் பார்த்திருக்கிறான். அதைச் சொல்லிவிட்டால் விலை விழும். சொல்ல வேண்டுமா, வேண்டாமா? 'சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு' என்று ஒரு தத்துவஞானி வாதிக்கிறார். 'மனிதனுக்கு மனிதன் என்ன உறவு என்பதை மறந்துவிட்டாயா?' என்று அவருடைய சீடரே எதிர்த்துக் கேட்கிறார். சிஸரோ சீடரின் கட்சியில் சேர்ந்துகொள்கிறான்.

அதே நூலில், வாங்குகிறவனைப் பற்றியும் ஒரு சம்பவம் உண்டு. ஸ்கீவோலா என்ற பெரிய மனிதர் ஒரு நிலம் வாங்கப் போனார். விற்பவன் விலையைச் சொன்னான். 'என் மதிப்பில் இது அதைவிட அதிகம் பெறும்' என்று சொல்லி, கேட்டதற்கு மேல் ஒரு லட்சம் நாணயம் சேர்த்துக் கொடுத்தார் அவர். 'நல்லவன் செய்கிற காரியம்தான். ஆனால் புத்திசாலி செய்கிற காரியமா?' என்று ஊரார் பேசிக்கொண்டார்களாம். இரண்டாயிரம் வருஷமாகியும் ஊரார் இன்னும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் வள்ளுவரும் வியாபாரிக்கென்றே ஒரு குறளை ஒதுக்கி, அதைக் கொண்டுபோய் எந்த அதிகாரத்தில் வைத்தார்? பொருள் சேர்ப்பதைப் பற்றிய அதிகாரத்தில் அல்ல, நடுவுநிலைமையில்! பிறர் பொருளையும் தன் பொருள் மாதிரி நினைக்கச் சொன்ன அவருக்கு, தராசின் முள் கடையில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது.

அடுத்த ரயில் பிரயாணத்தில் நான் இந்த ஞானத்தையெல்லாம் நண்பரிடம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிர்க்கட்சியின் வாதத்தை என்னைவிட அழகாக எடுத்து வைத்தார்.

"நான் முப்பது வருஷமா குப்பையைக் கிளறியிருக்கேன் தம்பி. சிரிச்சவங்க எத்தனை பேர்! எதை எடுக்கணும், எதை விடணும்னு கண்ணு பழகறதுக்கே பாதி ஆயுசு போயிடுச்சு. அன்னைக்கு நான் இல்லேன்னா அந்தப் பெட்டி கூழாகித் திரும்பவும் அட்டையா வந்திருக்கும். டாக்டர் படிச்ச படிப்புக்குக் காசு வாங்கலையா? என் படிப்புக்கு நான் வாங்கக்கூடாதா?"

நியாயமான வாதம். எளிதில் தள்ளிவிட முடியாது. அறிவுக்குக் கூலி இல்லை என்றால் உலகத்தில் ஒருவரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் யோசிக்க யோசிக்க, எனக்கு ஒரு வித்தியாசம் தட்டுப்பட்டது. டாக்டர் தன் அறிவை நோயாளிக்காகச் செலவிட்டு, அதற்குக் கூலி வாங்குகிறார். அவர் வாங்குவது, தமக்குத் தெரிந்ததற்கு விலை. பெட்டி விஷயத்தில் கிடைக்கப் போகிற லாபம் எதற்கு விலை? அந்த அம்மாளுக்குத் தெரியாததற்கு விலை. முதலாவதில், ஒருவரின் வெளிச்சம் இன்னொருவருக்கும் பயன்படுகிறது. இரண்டாவதில், இன்னொருவரின் இருட்டே நமக்கு மூலதனம்.

அந்தச் சீட்டுக்கு இந்த விலை எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். பழக்கப்படாத ஆட்டம், அதனால் பிள்ளைகள் தொடவில்லை, அதனால் முனை மடங்கவில்லை, அதனால் ஒரு லட்சம். ஆக, அந்தக் குடும்பத்தின் அறியாமைதான் அந்தப் பொருளுக்கு மதிப்பை உண்டாக்கியது. அதே அறியாமை அந்த மதிப்பை அவர்கள் கையிலிருந்து பறித்துக்கொண்டும் போக வேண்டுமா?

'விலை' என்பதே ஒரு விசித்திரமான வஸ்து. அமெரிக்காவில் 1952-ல் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி பேஸ்பால் சீட்டுகளை அச்சடித்தது. விற்காமல் தேங்கிப்போனவற்றை 1960-ல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொட்டினேன் என்று, அவற்றை வடிவமைத்த ஸை பெர்ஜரே சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் மிக்கி மாண்டில் என்பவரின் படம் போட்ட ஒரே ஒரு சீட்டு, 2022-ல் ஒரு கோடியே இருபத்தாறு லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் கணக்கில் ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்! கடலுக்குப் போனதும் அதே காகிதம், கருவூலத்துக்குப் போனதும் அதே காகிதம்.

இன்னொரு சம்பவம் நம் விவகாரத்துக்கு மிகவும் நெருங்கியது. 1990-ல் இல்லினாய் மாகாணத்தில் ஒரு கடையில், 1200 டாலர் மதிப்புள்ள பேஸ்பால் சீட்டு ஒன்றை, விவரம் தெரியாத புதுச் சிப்பந்தி 12 டாலர் என்று படித்துவிட்டு, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு விற்றுவிட்டாள். பையனோ சீட்டு சேர்ப்பதில் சூரன். கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் இரு தரப்பாரும் சமாதானமாகி, சீட்டை ஏலம் போட்டு, வந்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இருவருக்கும் இல்லை, ஊருக்கு! அந்தப் பையனுக்குச் சரியான விலை தெரிந்திருந்ததா என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கடைக்காரரே ஒரு குழந்தையிடமிருந்து 1200 டாலர் சீட்டைப் பன்னிரண்டு டாலருக்கு வாங்கியிருந்தால், அது வழக்காகியிருக்குமா? 'சாமர்த்தியம்' என்று பெயர் சூட்டியிருப்போம்.

நம் நண்பரின் நிலை அந்தப் பையனுடையதைவிடச் சிக்கலானது. வாங்குகிற நேரத்தில் அவருக்கும் விலை தெரியாது. எடைக்குப் போகிற சாமானுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தது தாராளம். ஆகவே வாங்கியதில் களங்கமில்லை. கேள்வி, தெரிந்த பிறகு வைத்திருப்பதில்தான் இருக்கிறது. ஒரு செயல் செய்து முடித்தபின், புதிதாக வந்த அறிவு அதைப் பின்னோக்கிப் போய்க் கறைப்படுத்துமா?

வெகுநேரம் யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வாங்கிய செயலைக் கறைப்படுத்தாது. ஆனால் அறிவு வந்த கணத்திலிருந்து ஒரு புதிய செயல் தொடங்கிவிடுகிறது. 'சொல்லாமலிருப்பது' என்கிற செயல். அது ஒருநாள் காரியமல்ல. தினம் தினம், ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டிய காரியம். கும்பிட்டு ஆசீர்வதித்துவிட்டுப் போனாளே ஒருத்தி, அவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தோன்றிய அந்த நிமிஷமே, கணக்கு தீர்ந்துவிட்டது.

இதை நான் அவரிடம் எடுத்துச் சொல்ல வாய் திறப்பதற்குள், வேறொன்று என் தொண்டையை அடைத்தது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பல வருஷங்களுக்கு முன், இதே வட்டாரத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, முருங்கைக் கீரையை ஆய்ந்தபடியே ஓர் அம்மாள் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை எனக்குச் சொன்னாள். அவளுக்கு அது வெறும் அழுகை, பழைய காகிதம். எனக்கோ, கேட்ட கணத்திலேயே தெரிந்துவிட்டது, இது என்ன விலை பெறும் என்று! பெயரையும் ஊரையும் மாற்றி எழுதினேன். பத்திரிகையில் வந்தது, புத்தகமாயிற்று, மாலை போட்டார்கள். 'எங்கிருந்து ஐயா இந்தப் பாத்திரத்தைப் பிடித்தீர்கள்?' என்று கேட்டவர்களிடம், 'கற்பனைதான்' என்று அடக்கத்தோடு சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாளுக்கு நான் கொடுத்தது, அன்றைக்குக் குடித்த ஒரு டம்ளர் மோருக்கு ஒரு புன்னகை. என் நண்பராவது முந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்.

ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "போய்ச் சொல்லிடலாம்னு இருக்கேன் தம்பி. கூட வர்றீங்களா?"

போனோம். மீஞ்சூரில் ஒரு சந்து. ஓடு மாற்ற வேண்டிய வீடு. அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டு மோடாவை இழுத்துப் போட்டாள். அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி, விஷயத்தைச் சொன்னார். கடிதத்தில் வந்த விலையையும் மறைக்காமல் சொன்னார். அம்மாளுக்குப் பாதி புரிந்தது. அந்தச் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, நம்ம வூட்டுல இத்தனை வருசம் இருந்திருக்கான் பாரு" என்றாள்.

அவளுடைய பேரன் உள்ளேயிருந்து வந்தான். சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் நன்றி சொல்லவில்லை. "ஒரு லட்சம்னு நீங்களே வந்து சொல்றீங்கன்னா, நிஜ விலை எவ்வளவு சார்?" என்று கேட்டான். பிறகு, "மீதிச் சீட்டெல்லாம் இதிலேயே இருக்கா? எண்ணிப் பார்க்கணும்" என்றான்.

எனக்குச் சுரீரென்றது. நண்பரோ பெட்டியை அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டார். "எண்ணிக்கப்பா" என்றார். ஜப்பானியரின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். வாசலை விட்டு இறங்கும்போது, அம்மாள் பின்னாலேயே ஓடிவந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து முந்நூறு ரூபாயை எண்ணி அவர் கையில் திணித்தாள். அவர் வாங்க மறுத்தார், அவள் விடவில்லை. "சாமான் திரும்பி வந்தா காசும் திரும்பிப் போகணும் இல்லே?" என்றாள்.

நல்ல காரியம் செய்தவனுக்கு உடனே நல்லது நடந்துவிடுகிற கதைகளை நானும் எழுதியிருக்கிறேன். இது அப்படி முடியவில்லை. பேரன் எங்களை நம்பவில்லை. 'விலையைத் தானாக வந்து சொல்கிறவன் இன்னும் பெரிய விலையை ஒளிக்கிறான்' என்பது, சின்ன வயதிலேயே உலகம் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு பட்டணத்தில் பழம்பொருள் வாங்குகிற யாரோ ஒருவரிடம் போனான். அவர் உதட்டைப் பிதுக்கி, 'இதெல்லாம் அச்சு நகல்' என்று சொல்லி, மொத்தத்தையும் பதினைந்தாயிரத்துக்கு வாங்கிக்கொண்டாராம். தெரிந்தவன் தெரியாதவனைத் தின்கிற சங்கிலியில், என் நண்பர் ஒரு கண்ணியைத்தான் அறுத்தார். அடுத்த கண்ணி அப்படியே இருந்தது.

இந்தச் செய்தியை அவரிடம் சொன்னபோது நான் கொதித்துப் போயிருந்தேன். "பார்த்தீர்களா அண்ணே! நீங்களே வைத்திருந்தால் அதைவிட அதிகம் அவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே? பாதிப் பாதியாகப் பங்கிட்டிருந்தால்கூட உங்கள் மகளின் சங்கிலி திரும்பியிருக்கும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கொடுத்திருக்கலாம்தான் தம்பி. ஆனா அவங்க சாமானு. லாபப்படறதுக்கு மட்டுமில்லே, நஷ்டப்படறதுக்கும் அவங்களுக்குத்தான் பாத்தியதை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பையன் யாரை நம்பறான், யாரை நம்பலேங்கிறது என் கணக்கிலே வராது."

"இப்போது நிம்மதியாக இருக்கிறீர்களா?"

"நிம்மதின்னு சொல்ல மாட்டேன். அந்தச் சீட்டு அடிக்கடி கண்ணுக்குள்ளே வருது. ஒரு தடவை ராத்திரி கனவிலேகூட வந்துச்சு." சிரித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. நடுவுலே அந்த ஒரு மாசம், என் படங்களை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கிட்டிருந்தேன். என் பொண்சாதிகூடக் கேட்டா, ஏன்னு. இப்ப சாத்தறதில்லே."

தத்துவஞானிகள் இரண்டாயிரம் வருஷமாக எழுதியும் பிடிபடாத ஓர் அளவுகோல் அவர் பேச்சில் எனக்குக் கிடைத்தது. நம்முடையது என்று நாம் சொல்லிக்கொள்கிற பொருளைப் பார்க்கக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறதா? அப்படியானால் சட்டம் என்ன சொன்னாலும், ரசீது எங்கே இருந்தாலும், அதில் இன்னும் யாருக்கோ பங்கிருக்கிறது.

அந்த முருங்கைக் கீரை அம்மாளின் வீடு கவரைப்பேட்டைப் பக்கம். கும்மிடிப்பூண்டி ரயிலில் போனால் பொன்னேரிக்கு அடுத்த ஸ்டேஷன். என் வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகத்தின் பிரதிகள் நாலைந்து இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய், தோன்றியது, போகவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே நானேதான் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். தன் அழுகையை நான் என்ன விலைக்கு விற்றேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் பேரனும் கதவோரத்தில் நின்று, "நிஜமா எவ்வளவு சார் வந்தது?" என்று கேட்கலாம்.

நண்பரைக் கூட வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.